சாதனைப் பயணங்களுக்குப் புறப்படும் நேரம் குறிப்பது பற்றி எங்கள் நிலைப்பாடு

சாதனைக்காகவோ விளம்பரத்துக்காகவோ சிறிய விமானத்தில் கிளம்புகிறவர்கள் புறப்படும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டி அறிவிக்கக் கூடாது. விமானப் பயிற்றுநர்களான நாங்கள் இதைத் தயக்கமின்றிச் சொல்கிறோம்.

1996 ஏப்ரல் 11 காலை, அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள ஷையென் விமான நிலையத்திலிருந்து ஒரு செஸ்னா 177பி எழுந்தது. அதில் ஏழு வயது ஜெசிகா டுப்ராஃப், அவளுடைய தந்தை, பயிற்றுநர் ஆகிய மூவரும் இருந்தார்கள். அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்த மிக இளைய விமானி என்று அவள் பெயர் எடுக்க வேண்டும் என்பது திட்டம். இடிமழை நெருங்கிக்கொண்டிருந்தது. சற்று முன் புறப்பட்ட வேறொரு விமானி, காற்றின் வேகம் திடீர் திடீரென மாறுவதாகச் சொல்லியிருந்தார். ஷையென் கடல் மட்டத்திலிருந்து 6,100 அடிக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்று மெலிந்திருப்பதால் என்ஜினின் திறன் குறையும், இறக்கையின் தூக்குவிசையும் குறையும். அதிலும் அந்த விமானம் அனுமதிக்கப்பட்ட எடையைவிட 96 பவுண்டு, அதாவது சுமார் 43 கிலோ, கூடுதலாகச் சுமந்தது. மேலெழுந்த சிறிது நேரத்தில் வேகம் குறைந்து, ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்து, குடியிருப்புத் தெருவில் விழுந்தது. மூவரும் இறந்தார்கள்.

பழி முழுவதும் சிறுமியின் வயதின் மேல் விழுந்தது. அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, உரிமம் இல்லாதவர்கள் சாதனை முயற்சிகளில் விமானத்தை இயக்கத் தடை விதித்தது. தடையை வரவேற்கிறோம். ஆனால் விபத்து நேரத்தில் விமானத்தை ஓட்டியவர் பயிற்றுநர்தான் என்பது விசாரணையில் தெரிந்தது. அந்த வானிலையில், அந்த எடையோடு புறப்பட அவர் எடுத்த முடிவையே தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் காரணமாகச் சொன்னது. ஊடகங்களுக்குக் கொடுத்த வாக்கால் இறுகிப்போன பயணத் திட்டத்தைக் காப்பாற்றும் ஆசையும் அதற்குத் துணைபோனது என்றது. சட்டம் இதைத் தொடவே இல்லை.

தேதி சொல்லாவிட்டால் ஆதரவாளர்கள் பணம் தரமாட்டார்கள் என்பார்கள். தரவேண்டாம். 'இந்த வாரத்தில் ஒரு நாள்' என்பதற்குமேல் வாக்குக் கேட்கிற பணம், ஓட்டுபவரின் முடிவில் தலையிடும் பணம். பேட்டிகள் பயணம் முடிந்தபின் நடக்கட்டும். ஊர் ஊராக வரவேற்புக்கும் நேரம் குறிக்க வேண்டாம்.

பயணத்தை ரத்து செய்தாலும் பயிற்றுநருக்கு அன்றைய ஊதியம் முழுதாகக் கிடைக்க வேண்டும்; அதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். நேரத்தை முன்கூட்டி அறிவிக்காமை, ரத்தானாலும் முழு ஊதியம் ஆகிய இரண்டுக்கும் இணங்காத சாதனைப் பயணம் எதிலும் எங்கள் உறுப்பினர்கள் பொறுப்பு விமானியாக அமர மாட்டார்கள்.