வோல்ட் சரி, ஜோடி சரியா?

"மூணு வோல்ட் சப்ளைதானே, எதைப் போட்டாலும் ஓடும்!" நம்மில் பலர் இப்படித்தான் சொல்கிறோம். டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு அது சரி. இருட்டில் பார்க்கும் கருவியில் உள்ள இமேஜ் இன்டென்ஸிஃபையர் டியூபுக்கு அது ஆகவே ஆகாது என்பது என் கட்சி.

உள்ளே போவது இரண்டு பென்டார்ச் பேட்டரியின் 3 வோல்ட்தான். டியூபைச் சுற்றி ரப்பர் மாதிரிப் பசையில் புதைத்திருக்கும் குட்டி சப்ளை, அதை மூன்று வேறு மின்னழுத்தங்களாக ஏற்றுகிறது. இரண்டாம் தலைமுறை டியூப் என்றால், வெளிச்சத்தை எலெக்ட்ரானாக மாற்றும் கேத்தோடுக்குச் சுமார் 200 வோல்ட். எலெக்ட்ரானைப் பெருக்கும் நுண்துளைத் தட்டுக்கு 700, 800, 900 என்று டியூபுக்கு டியூப் மாறும். பச்சையாய்ப் படம் தெரியும் திரைக்கு 5000, 6000! மூன்றாம் தலைமுறையில் தட்டின் முகத்தில் ஒரு மெல்லிய படலம் உண்டு. எலெக்ட்ரான் அதைத் துளைத்துப் போகணுமே, அதனால் கேத்தோடுக்கே 600 முதல் 800 வரை தேவை. இந்த சப்ளையை இரண்டாம் தலைமுறை டியூபில் மாட்டினால்? உள்ளே இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பொறி பறந்தால் டியூப் காலி.

சரி, ஒரே தலைமுறை, ஒரே மாடல் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒவ்வொரு தட்டின் பெருக்கமும் ஒவ்வொரு மாதிரி. டியூபைச் சோதித்து, அதற்கேற்ற வோல்ட்டை சப்ளையில் வைத்துத்தான் தொழிற்சாலையிலிருந்து அனுப்புகிறார்கள். வேறொரு டியூபின் சப்ளையை அப்படியே எடுத்துப் போட்டால் படம் மங்கும். இல்லாவிட்டால் ஈசல் பறக்கிற மாதிரி புள்ளிகள் துள்ளி, டியூபின் ஆயுள் குறையும்.

1990-ல் டச்சு நிறுவனமான டெல்ஃப்டோடு சேர்ந்து புனேயில் தொடங்கி, இன்று முழுக்க பி.இ.எல். கையில் உள்ள ஆலையில் டியூபையும் அதற்கான உயர் மின்னழுத்த சப்ளையையும் சேர்த்தே செய்கிறார்கள். காரணம் இல்லாமலா?

நம்ம ஊர் பழைய டிவி மெக்கானிக்குகளுக்கு இந்த ஜோடிப் பொருத்தம் நன்றாகவே தெரியும். எல்.ஓ.டி. போனால் பழையதைக் கையோடு கொண்டுபோய் நம்பர் பார்த்து வாங்குவார்கள். மாட்டிய பிறகு ஸ்கிரீன், ஃபோகஸ் திருகுகளைத் திருப்பி, பிக்சர் டியூபுக்கு ஏற்றபடி நிறுத்துவார்கள். பாலிடெக்னிக் வாசலையே மிதிக்காதவர்கள்!

நம் லேபிலோ 12 வோல்ட் வந்ததா, ரீடிங் எழுது, கையெழுத்து வாங்கு. அவ்வளவுதான். எங்கள் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவன் நான். போர்டைக் கழற்றிப் போர்டை மாட்ட மட்டும் மூணு வருஷம் எதற்கு?

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. ஓர் உயர் மின்னழுத்த புரோப், பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் ஒரு டிவி, கூடவே நின்று காட்ட ஓர் ஆசிரியர். மல்டிமீட்டர் போதாது, அதன் எல்லை பெரும்பாலும் 1000 வோல்ட். அதற்குள் அளந்தாலும், இத்தனை சிறிய சப்ளையை மீட்டரே கீழே இழுத்துவிடும். முதல் நாள் பாடமாக, சுவிட்சை அணைத்த பிறகும் பிக்சர் டியூபில் தங்கி நிற்கும் மின்சாரத்தை எர்த் செய்து இறக்குவது எப்படி என்று காட்டட்டும்.

- மூன்றாமாண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் துறை, காரைக்கால்