தொலைந்த கடிதமும் இரண்டாவது சான்ஸும்

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. கிடைச்ச சனி ஞாயிறுல தங்கமணியோட உட்கார்ந்து வரிசையா கிறிஸ்துமஸ் காதல் படமா பார்த்துத் தள்ளினேன். ஹால்மார்க் சேனல் 2009-லேர்ந்து 'கவுண்ட்டவுன் டு கிறிஸ்துமஸ்'னு பேர் வச்சு வருஷா வருஷம் இறக்கற சரக்கு. புத்தகக் கடையிலயும் இதே கதைங்க அட்டையில பனி கொட்டிக்கிட்டு நிக்கும்.

டெம்ப்ளேட் ரொம்ப சிம்பிள். நியூயார்க்ல பெரிய வேலையில இருக்கற ஹீரோயின் பண்டிகைக்கு சொந்த ஊருக்கு வருவாங்க. பத்து வருஷம் முன்னாடி பிரிஞ்ச காதலர் அங்க பேக்கரி நடத்திக்கிட்டு இருப்பார். பரண்ல பாட்டியோட பெட்டியைத் திறந்தா உள்ள ஒரு கடிதம். அவர் அன்னைக்கே எழுதிட்டார், வீட்டுல யாரோ ஒளிச்சு வச்சுட்டாங்க. அப்புறம் என்ன, பனி, முத்தம், சுபம்.

நக்கலடிக்க வரலை மக்களே. எனக்கு இந்த வகையறா பிடிக்கும். பண்டிகைதான் இந்தக் கதைக்குச் சரியான இடம். வருஷம் பூரா தவிர்த்த மனுஷங்களை ஒரே கூரைக்குக் கீழ உட்கார வைக்கறது அது ஒண்ணுதான்.

என் பிரச்சினை அந்தக் கடிதம். அது கிடைச்ச நிமிஷமே ரெண்டு பேர் மேலயும் தப்பில்லைன்னு ஆயிடுது. நம்ம கோடுல பக் இல்ல, நெட்வொர்க் பிரச்சினைன்னு சொல்லி டிக்கெட்டை மூடற மாதிரி. தப்பே நடக்கலைன்னா எதுக்கு சார் ரெண்டாவது சான்ஸ்? அது முதல் சான்ஸ் லேட்டா வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸ் கதைகளுக்கு பெரிய தாத்தா மாதிரி இருக்கற டிக்கன்ஸ் இவ்வளவு மலிவா முடிக்கலை. 'எ கிறிஸ்துமஸ் கேரல்' (1843) கதையில ஸ்க்ரூஜுக்கு பெல்னு ஒரு காதலி உண்டு. இவன் பணத்தைத்தான் காதலிக்கறான்னு தெரிஞ்சதும் நிச்சயத்தை முறிச்சுட்டுப் போயிடுவா. கடைசியில ஸ்க்ரூஜ் திருந்தறான், அக்கா தங்கச்சி பிள்ளைன்னு உறவு தேடி மருமகன் வீட்டு விருந்துக்குப் போறான். ஆனா பெல் திரும்பி வர்றதில்லை. அவளுக்குன்னு ஒரு குடும்பம் ஆயிடுச்சு. திருந்தினாலும் சிலது திரும்பாது.

சரி, சேரவே கூடாதான்னா, அதுக்கு ஜேன் ஆஸ்டின் இருக்காங்க. (நம்ம 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்துக்கு மூலக்கதை கொடுத்தவங்க.) அவங்க இறந்தப்புறம், 1817 டிசம்பர்ல வெளிவந்த நாவல் 'பர்சுவேஷன்'. பத்தொன்பது வயசுல ஆன், அம்மா ஸ்தானத்துல இருந்த ஒரு பெரியவங்க பேச்சைக் கேட்டு, கையில காசில்லாத வென்ட்வொர்த்தை வேண்டாம்னுடறா. எட்டு வருஷம் கழிச்சுப் பார்க்கறாங்க. இப்ப அவளுக்கு 27, கிட்டத்தட்ட என் வயசு. இதுலயும் ஒரு கடிதம் வருது, ஆனா யாரும் ஒளிச்சு வச்சதில்லை. அதே அறையில அவன் உட்கார்ந்து எழுதி வச்சுட்டுப் போறது.

எனக்குப் பிடிச்ச இடம் அதுக்கும் அப்புறம். 1808-லயே, கையில கொஞ்சம் பணம் சேர்ந்தப்போ, நான் எழுதியிருந்தா பதில் போட்டிருப்பியான்னு கேட்பான். போட்டிருப்பாள்னு தெரிஞ்சதும், எழுத விடாம தடுத்தது தன்னோட வீம்புதான்னு ஒத்துக்குவான். ஆறு வருஷம் அநியாயமா போச்சு, குற்றவாளி வெளியாள் இல்ல. இதுக்குப் பேர்தான் ரெண்டாவது சான்ஸ்.

இவ்வளவு ஏன் பொலம்பறேன்னா, எங்க வீட்டுலயும் ஒரு கதை இருக்கு. கல்யாணமே பண்ணிக்காத அத்தை. ஒருத்தரைப் பிடிச்சிருந்ததாம், தாத்தா கெடுத்துட்டாராம்னு நாங்க பேரப்பசங்க எல்லாம் அரசல் புரசலா கேட்டு வளர்ந்தோம். அந்தக் கோபத்துலயே நான் தாத்தாகிட்ட கடைசி வரைக்கும் சரியா பேசினதில்லை. போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ, அதிரசம் சுட்டுக்கிட்டு இருந்த அத்தைகிட்ட மெதுவா கேட்டேன். "அவர் போட்ட லெட்டரை எல்லாம் தாத்தா ஒளிச்சு வச்சுட்டாரா அத்தை?"

"ஒளிக்கறதாவது. மூணு லெட்டர் வந்துதுப்பா. தாத்தாதான் கையில கொண்டுவந்து கொடுத்தார். நான்தான் பதில் போடலை. பயமா இருந்துது."

சொல்லிட்டு அடுத்த அதிரசத்தை எண்ணெய் வடிய அமுக்கினாங்க. எனக்கு வாயே வரலை. பரண்ல தேட எங்களுக்கு ஒரு கடிதமும் இல்லை. மன்னிப்பு கேட்க தாத்தாவும் இல்லை.

எல்லா லெட்டரும் ஒழுங்கா வந்து சேர்ந்தும் பிரிஞ்ச ரெண்டு பேரை யாராவது ஒரு பண்டிகைக் கதையில சேர்த்து வைங்க. முதல் ஆளா நான் வாசிக்கறேன். அப்படி ஏற்கனவே ஒண்ணு இருந்தா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: அத்தைகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதினேன். "பேரைப் போடாம எழுது, அவர் வீட்டுல பேரன் பேத்தி எல்லாம் இருக்கும்"னாங்க.