எலிக்குக் குணமாச்சு. நமக்கு?

1/
போன வாரம் ஓபியில ஒரு பொண்ணு. அப்பாவுக்கு மூளையில கிளியோபிளாஸ்டோமா, மோசமான புற்றுக்கட்டி. ஆபரேஷன் முடிஞ்சது, அடுத்து ரேடியேஷன். "கொஞ்சம் தள்ளிப் போடலாமா சார்? புது மருந்துல மூளைக்கட்டி முழுசா கரைஞ்சிடுச்சாம்" என்று போனை நீட்டினார். படித்தேன். கரைந்தது எலிக்கு.

2/
எலிச் சோதனை வீண்னு சொல்ல வரல. மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் ரொம்பக் கறார். பெரும்பாலான கீமோ மருந்துகளை உள்ளே விடாது. எந்த மருந்து அதைத் தாண்டுது, எந்த அளவில் நஞ்சாகுது என்று பார்க்க உயிருள்ள உடல் வேணும்.

3/
ஆனா எலிக்கு இருக்கிற கட்டி பல நேரம் தானா வந்ததில்ல, நாம வச்சது. ஆய்வகத்தில் வருஷக்கணக்கா வளர்த்த செல்களை மண்டைக்குள் ஊசியால் செலுத்துவார்கள். உலகம் முழுக்கப் புழங்கும் யு87 செல்கள் உருண்டையா, ஓரம் தெளிவா வளரும். மனுஷனுக்கு வர்ற கட்டியோ வேர் மாதிரி மூளைக்குள் ஊடுருவும். அந்த யு87, 1960களில் ஸ்வீடனின் உப்சாலாவில் எடுத்த அதே நோயாளியின் செல் இல்லை, யாருடையது என்றே தெரியாதது என்று 2016-ல் கண்டுபிடித்தார்கள்!

4/
இன்னொரு கதை. பிரிட்டனின் ஆஸ்டன் பல்கலையில் மால்கம் ஸ்டீவன்ஸ் குழு உருவாக்கியது மிட்டோசோலமைட். எலிகளின் புற்றுக்கட்டிகளில் அபாரமா வேலை செஞ்சது. மனிதர்களுக்குக் கொடுத்தபோது பிளேட்லெட் தாறுமாறாகச் சரிந்தது. கைவிட்டார்கள்.

5/
அதோட தம்பிதான் டெமோசோலமைட். இன்னிக்கு நம்ம நோயாளிகள் சாப்பிடும் கீமோ மாத்திரை. 573 நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வு 2005-ல் வெளியானது. ரேடியேஷன் மட்டும் எடுத்தவர்களில் பாதிப்பேர் 12.1 மாதம் தாண்டினார்கள். மாத்திரையும் சேர்ந்தபோது அது 14.6 மாதம். இரண்டு வருஷம் தாண்டியவர்கள் நூற்றுக்குச் சுமார் 10 பேரிலிருந்து 26 ஆனார்கள்.

6/
ஜெயிச்ச மருந்துக்கே கணக்கு இவ்வளவுதான். அதனால ஊடக நண்பர்களே, தலைப்பிலேயே 'எலியில்' என்று போடுங்க. ஒரே ஒரு சொல். அது இல்லாததால ஒரு குடும்பம் கையில இருக்கிற சிகிச்சையைத் தள்ளிப் போடப் பார்க்குது.

7/
இப்படி ஃபார்வேர்ட் வந்தா மூணு கேள்வி கேளுங்க. எலியா, மனுஷனா? எத்தனை பேர்? இப்ப இருக்கிற சிகிச்சையோட ஒப்பிட்டாங்களா?

8/
"அப்போ எங்கப்பாவுக்கு எதுவுமே இல்லையா சார்?" என்றார் அந்தப் பொண்ணு.
"இருக்கும்மா. இங்கேயே இருக்கு. திங்கட்கிழமை காலையில கூட்டிட்டு வாங்க."