விண்டோஸ் 10 முடிஞ்சுது... பழைய கம்ப்யூட்டரை லினக்ஸ் காப்பாத்துமா?

காலடிப்பேட்டை மார்க்கெட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை, இல்லைன்னா ராயபுரத்தில் துறைமுக வேலையை நம்பி ஓடும் ஒரு சின்ன கிளியரிங் ஆபீஸ். அங்கே 2016-ல் வாங்கிய கம்ப்யூட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆன் ஆகிறது, பில் போடுகிறது, மெயில் அனுப்புகிறது. ஆனால் விண்டோஸ் 11 மட்டும் ஏற மாட்டேன் என்கிறது.

ஓனருக்கு இரண்டு யோசனை வரும். "ரிச்சி ஸ்ட்ரீட் போய் புதுசு வாங்கிடுங்க" என்பது ஒன்று. காலேஜ் படிக்கும் பையன் சொல்லும் "லினக்ஸ் போட்டுடலாம், ஃப்ரீதான்" என்பது இன்னொன்று. இரண்டுமே பாதி பதில்தான்.

என்ன சிக்கல்?

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. கம்ப்யூட்டர் தொடர்ந்து ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் வராது. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குக் கூடுதல் பாதுகாப்புத் திட்டம் ஒன்று உண்டு. அதுவும் 2026 அக்டோபர் 13 வரைதான்.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். 2016-ல் வாங்கிய மெஷின் இங்கேதான் அடிபடுகிறது.

லினக்ஸ்ல என்ன ஓடும்?

குரோம், ஃபயர்ஃபாக்ஸ், யூடியூப், வாட்ஸ்அப் வெப், கூகுள் டாக்ஸ் என பிரவுசரில் நடக்கும் எல்லாமே ஓடும். வேர்டு, எக்செல் ஃபைல்களுக்கு லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. லினக்ஸ் மின்ட் மாதிரியான ஒன்று விண்டோஸ் பழகியவர்களுக்கு அந்நியமாகத் தெரியாது.

ஒரு விஷயத்தை முதலில் சரிபார்க்கணும். பழைய கம்ப்யூட்டர் ஸ்லோவாக இருப்பதற்குப் பல நேரம் காரணம் விண்டோஸ் இல்லை, உள்ளே சுற்றும் ஹார்ட் டிஸ்க்தான். அதை எஸ்எஸ்டி-யாக மாற்றாமல் லினக்ஸ் போட்டுவிட்டு, "இதுவும் ஸ்லோதான்பா" என்று சலித்துக்கொள்வது வழக்கமான கதை.

எங்கே மாட்டும்?

லினக்ஸ் ஆட்கள் பேச ஆரம்பித்தால் உபுண்டுவா, மின்ட்டா, ஃபெடோராவா என்றுதான் போகும். கடை ஓனருக்கு அந்தக் கேள்வியே தேவையில்லை. அவர் கேட்க வேண்டியவை வேறு.

• பிரின்டர்: ஹெச்பி பிரின்டர்கள் பெரும்பாலும் சொன்னபடி கேட்கும். வைஃபையில் ஓடும் புது மாடல்களில் பலவும் டிரைவர் இல்லாமலே வேலை செய்யும். ஆனால் நம்ம ஊர் ஆபீஸ்களில் சகஜமாகப் பார்க்கும் கேனான் எல்பிபி 2900 பெயர்போன தலைவலி. அதற்குத் தனி டிரைவர் வேண்டும், அதையும் பொறுமையாக உட்கார்ந்து செட் செய்யணும்.

• டேலி: டேலி பிரைம் விண்டோஸுக்காக உருவாக்கப்பட்டது. குறுக்குவழிகள் உண்டு. ஆனால் கணக்கு முடிக்கும் நாளில் குறுக்குவழி கைவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

• டிஜிட்டல் கையெழுத்து: சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்திலோ ஜிஎஸ்டி தளத்திலோ கையெழுத்துப் போடும் யுஎஸ்பி டோக்கன் லினக்ஸில் வேலை செய்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடணும். கப்பல் வந்து நிற்கும்போது பார்க்கிற விஷயம் இல்லை இது.

• தமிழ் டைப்பிங்: என்எச்எம் ரைட்டர், அழகி போன்றவை விண்டோஸ் மென்பொருள்கள். லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ் வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம். யூனிகோடு ஃபைல்கள் சிக்கல் தராது. வானவில் மாதிரி பழைய ஃபான்ட்டில் அடித்த கடிதங்கள், அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் கிறுக்கல் மாதிரித்தான் தெரியும்.

இன்னொன்று சின்ன விஷயம்தான், ஆனால் ரொம்பப் பேரைக் குழப்பும். ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் இருந்தால், விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். பேட்டரி போகவில்லை, வைரஸும் இல்லை. லினக்ஸ் உள்கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே நம்ம ஊர் நேரம் என்று நம்புகிறது. லினக்ஸில் ஒரு செட்டிங்கை மாற்றினால் முடிந்தது.

ரிப்பேருக்கு யார் வருவாங்க?

உண்மையான சிக்கல் இதுதான். விண்டோஸ் மக்கர் செய்தால் தெருமுனையில் ஒரு கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. லினக்ஸ் மக்கர் செய்தால், அதே கடையில் கிடைக்கும் பதில் "ஃபார்மட் பண்ணி விண்டோஸ் போட்டுடவா சார்?"

தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதுசு இல்லை. சென்னையின் லினக்ஸ் பயனர் குழு 1998-லிருந்து இயங்குகிறது. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தின் மெஷின்களில் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. லட்சக்கணக்கான வீடுகளுக்கு லினக்ஸ் போய்ச் சேர்ந்தது, சொல்லிக்கொடுக்க ஆள் கூடவே போகவில்லை. கேரளாவில் அரசுப் பள்ளிகளை லினக்ஸுக்கு மாற்றியபோது ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அதனால்தான் அங்கே அது இன்றும் நிற்கிறது.

"நீங்க தப்பான டிஸ்ட்ரோ போட்டுட்டீங்க" என்று சொல்லும் ஆர்வலர்கள் இதைக் கவனிக்கணும். கடைக்காரருக்கு வேண்டியது புது டிஸ்ட்ரோ இல்லை, கூப்பிட்டால் வந்து பார்க்கும் ஒரு ஆள். வட சென்னையில் ஐடிஐ, பாலிடெக்னிக் முடித்துவிட்டு சர்வீஸ் வேலை தேடும் இளைஞர்களுக்குக் குறைவில்லை. அவர்களுக்கு லினக்ஸ் பிரின்டர் செட்டப்பும் டோக்கன் செட்டப்பும் கற்றுக்கொடுத்தால், அது ஒரு பிழைப்பாகவே மாறும்.

இந்தப் பகுதிக்கு ஏன் முக்கியம்?

தூக்கிப்போடும் கம்ப்யூட்டர் காற்றில் கரைந்துவிடாது. சர்க்யூட் போர்டில் ஈயம் இருக்கிறது. முறையில்லாமல் பிரித்து, செம்புக்காக ஒயரை எரித்தால் வருவது நச்சுப்புகை. எண்ணூரின் சாம்பலையும், கொடுங்கையூரின் குப்பை மலையையும் ஏற்கெனவே சுமக்கும் பகுதி இது. நல்லா ஓடும் மெஷினைக் குப்பையாக்குவது இங்கே கூடுதல் பாரம்.

அப்போ என்ன செய்யலாம்?

டேலியும் டோக்கனும் ஓடும் அந்த ஒரு மெஷினை மட்டும் விண்டோஸ் 11-க்கு மாற்றுங்க. மற்றவற்றுக்கு லினக்ஸ் போதும். முதலில் ஃபைல்களை பேக்கப் எடுங்க. லினக்ஸை பென்டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, சவுண்ட், பிரின்டர் எல்லாம் சரியா என்று பாருங்க, அதுவரை விண்டோஸை அழிக்க வேண்டாம். கூடவே, சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு போன் நம்பரைத் தேடி வையுங்க. அந்த நம்பர் கிடைத்த பிறகு இன்ஸ்டால் பட்டனை அழுத்தலாம்.