ஓடத் தெரிந்தவர்களுக்கு உரிய காலத்தில் பந்து
பினாங்கு காற்பந்து அணியின் தலைமைப் பயிற்றுநருக்கு நிபோங் திபாலிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

பினாங்கு என்றவுடன் தீவையும் ஜோர்ஜ்டவுனையும் மட்டுமே நினைத்துக்கொள்ளும் வழக்கம் வெளியூராரிடம் உண்டு. ஆயினும், 2000ஆம் ஆண்டின் சுக்மா என்னும் மலேசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி எழுப்பப்பட்டு, ஏறத்தாழ 40,000 பேர் அமரத்தக்கதாய் விளங்கும் பத்து காவான் அரங்கம், கடலுக்கு இப்பால், செபராங் பிறை தென்மாவட்டத்திலே, எங்கள் நிபோங் திபாலுக்கு அண்டையில்தான் இருக்கிறது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அந்த அண்டை வீட்டு உரிமையினாலும், காற்பந்தைப் பற்றி ஓர் அபிப்பிராயமாவது சொல்லாத மனிதர் இவ்வட்டாரத்தில் அரிது என்கிற தைரியத்தினாலும் இம்மடலை எழுதத் துணிகிறேன். ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுப்பதும் வியூகம் வகுப்பதும் தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்ட காரியங்கள். அவற்றில் தலையிடுவது என் நோக்கமன்று. கோல் வறட்சியால் தவிக்கும் ஓர் அணி, பந்தோடு ஓடத் தெரிந்த தன் ஆட்டக்காரர்களை எவ்விதம் பிரயோகிக்க வேண்டும் என்னும் ஒரே விஷயத்தைப் பற்றி மட்டும் சில யோசனைகளைத் தங்கள் முன் வைக்கிறேன்.

நம் அணியின் சரித்திரம் சாமானியமானதன்று. ஈசா பக்கார், அலி பக்கார், நாமாட் அப்துல்லா, ஷாஹாருடின் அப்துல்லா முதலியோர் பினாங்கின் பெயரை விளங்கச் செய்த எழுபதுகளில், 1974இல், பேராக்கை வென்று மலேசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தோம். 1998லும் 2001லும் லீக் பட்டமும், 2002இல் எஃப்ஏ கிண்ணமும் நம்முடையவையாயின. பிறகு, 2016 பிப்ரவரி 16ஆம் தேதி இரவு, சிட்டி ஸ்டேடியத்தில் பகாங்கிற்கு எதிராக நம் ஆட்டக்காரர் ஃபைஸ் சுப்ரி உதைத்த ஃப்ரீ கிக், ஒரு பக்கமாகச் செல்வதுபோல் போக்குக் காட்டி, நடுவானில் மறுபக்கம் வளைந்து வலைக்குள் இறங்கி, உலகத்தின் மிகச் சிறந்த கோலுக்கென்று ஃபிஃபா வழங்கும் புஸ்காஸ் விருதை நம் மாநிலத்துக்கு வாங்கித் தந்தது. ஆனால், அவ்விருது சூரிச் நகரில் வழங்கப்பட்ட 2017ஆம் ஆண்டிலேயே, நம் அணி சூப்பர் லீக்கின் கடைசி இடத்தில் நின்று கீழே இறங்கியது என்பதையும் மறப்பதற்கில்லை. 2020இல் பிரீமியர் லீக் பட்டத்தோடு மேலே வந்தோம். 2021இல் மூன்றாம் இடம் பெற்று மகிழ்ந்தோம். 2022இல் மறுபடியும் கடைசி இடம். அற்புதமான ஓர் உதை ஓர் இரவை வென்று தரும். ஒரு பருவத்தை வெல்வதற்கோ, வாரந்தோறும் அலுக்காமல் திரும்பச் செய்யத்தக்க ஓர் உபாயம் வேண்டும். அந்த உபாயம் ஓடுபவர்களின் கால்களில் இருக்கிறது என்பது என் துணிபு.

தடுமாறும் அணிகளின் ஆட்டத்திலெல்லாம் தவறாமல் காணும் காட்சி ஒன்றைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். எதிரியிடமிருந்து பந்து பறிக்கப்படுகிறது. பறித்தவர் அதைப் பின்னால் தள்ளுகிறார். நடுத் தற்காப்பாளர் இருவரும் ஒருவருக்கொருவர் உபசாரம் செய்துகொள்வதுபோல் அதை மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். ஓரக் கோட்டருகே கையைத் தூக்கியபடி நிற்கும் விங் ஆட்டக்காரர், கேட்டுக் கேட்டுச் சலித்துக் கையை இறக்கிவிட்ட பிறகு, பந்து அவரிடம் வந்து சேருகிறது. அதற்குள் எதிரணியின் தற்காப்பு முழுவதும் அந்தப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. முன்னால் ஒருவர், பக்கத்தில் ஒருவர், முதுகுக்குப் பின்னால் சுண்ணாம்புக் கோடு. அவர் பந்தைத் திருப்பிக் கொடுத்தால் கோழை என்கிறோம். இருவரையும் வெட்டிப் போக முயன்று பறிகொடுத்தால் சுயநலக்காரர் என்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு நடுவே நிற்கும் வெளிநாட்டு ஆட்டக்காரரின் தலையை நோக்கித் தூக்கி அடித்தால், வேறு வழி தெரியாதவர் என்கிறோம். பழி அவர் மேல் விழுகிறது, காலதாமதமோ பிறருடையது.

ஆகவே என் முதல் யோசனை, பந்தை முந்திக் கொடுக்கவேண்டும் என்பதே. எதிரியின் அணிவகுப்பு கலைந்திருக்கும் முதல் சில விநாடிகளில், ஓடுபவரின் காலடிக்கேனும் அவர் முன்னிருக்கும் வெற்றிடத்துக்கேனும் பந்து சென்றுவிட்டால், அவர் ஒரே ஒருவரை மட்டும் தாண்டினால் போதும். தாண்டிக் கோட்டின் முடிவுவரை சென்று, பந்தைப் பின்னோக்கித் தரையோடு தள்ளினாரானால், தற்காப்பாளர்கள் தங்கள் கோலைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பார்கள். நம் ஆட்டக்காரரோ பந்தை எதிர்கொண்டு வருவார். தூரத்திலிருந்து தூக்கி அடிக்கும் பந்தில், இந்த அனுகூலம் தற்காப்பாளருக்கே போய்விடுகிறது. 2010 டிசம்பரில் கே. ராஜகோபால் பயிற்றுவித்த தேசிய அணி, தென்கிழக்காசியக் கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 1-5 என்று நொறுங்கிப்போய், அதே மாதம் 26ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் அதே இந்தோனேசியாவை 3-0 என்று சாய்த்ததை நாமெல்லாரும் கண்டோம். முதல் கோலுக்கு முன்னால் நோர்ஷாருல் இட்லான் பந்தோடு புகுந்து, தம்மை மறித்தவரை ஏமாற்றி, சாஃபி சாலியின் காலுக்குப் பந்தைத் தள்ளிய விதத்தை நினைத்துப் பாருங்கள். கோல் சாஃபியின் கணக்கில் ஏறியது. கதவைத் திறந்தது அந்த ஓட்டம்.

இரண்டாவது யோசனை, ஓட்டத்தைப் பகிர்ந்தளிக்கவேண்டும் என்பது. இங்கேதான் விவாதம் சூடு பிடிக்கும். திறமை மிக்க ஒருவரிடமே பந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால்தான் அவருக்கு ஆட்டத்தின் தாளம் பிடிபடும் என்பது ஒரு கட்சி. இருவர் மூவருக்குப் பங்கிட்டால்தான் கால்கள் சோராமலும் எதிரிக்குப் பழக்கமாகிவிடாமலும் இருக்கும் என்பது மற்றொரு கட்சி. இதற்கு வேறோர் ஆட்டத்திலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடப்படும் காற்பந்து நம்முடையதினின்றும் முற்றிலும் வேறான ஆட்டம். பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதற்கென்றே ‘ரன்னிங் பேக்’ என்று ஒரு ஸ்தானம் அங்கே உண்டு. இதே வழக்கு அங்கும் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1987இல் தர்மன் தாமஸ் என்பவர் முதல் ஓட்டக்காரர். அவருக்கு அடுத்த நிலையில் காத்திருந்தவர் பாரி சாண்டர்ஸ். மறு ஆண்டு முதல் இடம் கிடைத்ததும், அந்த இரண்டாமவர் 11 ஆட்டங்களில் 2,628 கெஜம் ஓடி, 37 டச்டவுன்களைச் சேர்த்து, கல்லூரி ஆட்டக்காரருக்குரிய மிக உயர்ந்த கௌரவமான ஹைஸ்மன் விருதைப் பெற்றார். ஒருவரிடமே கொடு என்பவர்கள் 1988ஐக் காட்டுவார்கள். நான் 1987ஐக் காட்டுகிறேன். மாற்றாட்டக்காரர் வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது, அவர் காலுக்குப் பந்து போகும்வரை யாருக்கும் தெரிவதில்லை.

நம் நாட்டின் சீதோஷ்ண நிலையும் பங்கீட்டின் பக்கமே சாட்சி சொல்கிறது. இரவு ஆட்டமேயானாலும், ஈரக்காற்றில் ஒரு மணி நேரம் ஓடியவரின் கால்கள் அதன்பின் பழைய கால்களாக இரா. எங்கள் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள், ஒரே மரத்தைத் தினந்தோறும் வெட்டாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டி, பட்டைக்கு ஓய்வு கொடுத்துத்தான் வருஷக்கணக்கில் பால் எடுத்தார்கள். இப்பொழுது ஓர் ஆட்டத்தில் ஐந்து பேரை மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது. அம்மாற்றங்களில் இரண்டையாவது ஓடுபவர்களுக்கென்று முன்கூட்டியே ஒதுக்கி, அறுபதாம் நிமிஷத்தில், எதிரியின் தற்காப்பாளர் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கும் வேளையில், புதுக்கால்களை இறக்குங்கள். தோற்றுக்கொண்டிருக்கையில் எண்பதாம் நிமிஷத்தில் ஓர் இளைஞனைத் தள்ளிவிட்டு, அவன் ஏதாவது அதிசயம் செய்வான் என்று எதிர்பார்ப்பது அவனுக்குச் செய்யும் அநியாயம்.

மூன்றாவது, ஓடுபவர் முன்வரிசையிலேதான் நிற்கவேண்டும் என்ற நிர்ப்பந்தமில்லை. நெகிரி செம்பிலான் 2009லும் 2011லும் மலேசியக் கிண்ணத்தை வென்ற காலத்தில் வலது ஓரத்தில் பறந்த எஸ். குணாளன், பிற்பாடு ஜொகூர் டாருல் தாசிமில் வலப்பக்கத் தற்காப்பாளராக மாறியும் தம் ஓட்டத்தை விட்டுவிடவில்லை. பின்னாலிருந்து புறப்படும் ஓட்டத்தைக் கவனிக்க எதிரணியில் தனியாக ஓர் ஆள் இருப்பதில்லை. ஆகையால் அது வெகுதூரம் தடையின்றிச் செல்கிறது. விங் ஆட்டக்காரர் உள்ளே நகர, அவர் விட்டுச்சென்ற பாதையில் தற்காப்பாளர் ஏறிவரும்பொழுது, மறிப்பவர் இருவரில் எவரைத் தொடர்வது என்று ஒரு கணம் தயங்குவார். அந்தத் தயக்கமே நமக்கு வேண்டிய இடைவெளி.

இவ்வளவுக்கும் ஓர் ஆட்சேபம் உண்டு என்பதை அறியாமலில்லை. ஓடுபவர்களை நம்பினால் பந்து அடிக்கடி பறிபோகும். பறிபோன பந்து நம் கோலை நோக்கி வரும். ஏற்கெனவே பலவீனமான அணி இதைத் தாங்குமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பறிபோவது எங்கே என்பதைத்தான் கவனிக்கவேண்டும். எதிரியின் மூலையில் இழந்த பந்து நம் கோலுக்கு வர முழுத் திடலையும் கடக்கவேண்டும். நம் பாதியில் பின்னும் முன்னும் தள்ளி விளையாடி இழந்த பந்துக்கோ அவ்வளவு தூரமில்லை. ஒரு பக்கத் தற்காப்பாளர் ஏறும்பொழுது மறுபக்கத்தவர் இருந்த இடத்தில் நிற்பதும், நடுத்திடலில் ஒருவர் காவலுக்கென்றே தங்குவதும் பயிற்சியில் படிந்துவிட்டால், இந்த அபாயம் தாங்கத்தக்க அளவில் அடங்கும்.

ஓடுபவர்களை எங்கே தேடுவது என்ற கேள்விக்கும் விடை தொலைவில் இல்லை. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் வழிவந்த பெட்டாலிங் ஜெயா சிட்டி அணி, 2021இல் பி. மணியத்தின் பயிற்சியில், ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரரும் இல்லாமல் சூப்பர் லீக்கில் ஆடி, கீழிறங்காமல் நிலைத்தது. 2020இல் யுஐடிஎம் என்னும் பல்கலைக்கழக அணியே சூப்பர் லீக்கில் கால் வைத்தது; மறு ஆண்டு இறங்கிவிட்டதாயினும், கல்லூரித் திடலுக்கும் பெரிய லீக்குக்கும் வழி உண்டு என்பதை அது காட்டியது. எங்கள் ஊரிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கிறது. பைராம், திரான்ஸ்கிரியான், சங்காட் என்று பழைய தோட்டங்களின் பெயர் தாங்கிய குடியிருப்புகளில், மாலை வேளையில் பந்துக்குப் பின்னால் ஓடும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. பத்து காவான் அரங்கிலிருந்து இத்திடல்களுக்கு வர அதிக நேரம் பிடிக்காது.

ஐயா, வெற்றியை மட்டும் கேட்டு இம்மடலை எழுதவில்லை. அடுத்த ஆட்டத்தில் பந்து நம் வசமானவுடன் முதல் பார்வை முன்னோக்கி இருக்கட்டும். ஓடத் தெரிந்தவர் கையை இறக்குமுன் பந்து அவரிடம் சேரட்டும். அவர் முதல் முறை பறிகொடுத்தாலும் இரண்டாம் முறையும் அவரிடமே போகட்டும். அவர் களைத்தால் அடுத்தவர் ஆயத்தமாய் நிற்கட்டும். இதை ஒரு பருவம் முழுவதும் தளராமல் செய்து பார்க்கும்படி தங்களை வேண்டுகிறேன். அப்படிச் செய்தும் தோற்றோமானால், குறை சொல்லும் கூட்டத்தில் நான் சேரமாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் அணியின் நன்மையை நாடும்
நிபோங் திபால் ரசிகன்