ரிட்ராக்ட் வாங்கும் முன் இறக்கையைத் திறந்து பாருங்கள்



போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு படம் வந்ததைப் பார்த்திருப்பீர்கள். சென்னையில் இருக்கும் நம் மாணவர் ஒருவர், 9-ஆம் வகுப்பு படிக்கும் தன் மகனோடு சேர்ந்து செய்த ரேடியோ கண்ட்ரோல் ஸ்பிட்ஃபயர். சென்னையில் பல தடவை நன்றாக இறங்கிய விமானம். விடுமுறைக்குக் கொடைக்கானல் வந்து ஒரு புல்தரையில் இறக்கியபோது இடது சக்கரம் காலோடு பிய்ந்து, இறக்கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. "சார், இந்த ரிட்ராக்ட் சரியில்லை, இதைவிட விலை கூடியது எது வாங்கலாம்?" என்று கேட்டிருந்தார். குழுவில் பாதிப் பேர் "டிரோன் வாங்கிக் கொடு, தொல்லை விட்டது" என்று சொல்லிவிட்டீர்கள். பையன் அதற்குப் பிறகு விமானத்தைத் தொடவே இல்லையாம். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

விவரம் தெரியாத உறவினர்களுக்கு: பறக்கும்போது சக்கரத்தை இறக்கைக்குள் மடக்கிக்கொள்ளும் அமைப்புக்குத்தான் ரிட்ராக்ட் என்று பெயர். இரண்டாம் உலகப் போர் காலத்துப் போர் விமானங்களை மாதிரியாகச் செய்பவர்களுக்கு அது இல்லாமல் திருப்தி வராது.

தம்பி, நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரிட்ராக்ட் முழுசாக இருக்கிறது. கம்பிகூட வளையவில்லை. திருகாணிகள் மரத்தோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்திருக்கின்றன. விலை கூடியதை வாங்கி அதே இடத்தில் மாட்டினால் அதுவும் இப்படியே பிடுங்கிக்கொண்டு வரும்.

6-ஆம் வகுப்பில் நெம்புகோல் நடத்தினேனே, நினைவிருக்கிறதா? கால் 15 சென்டிமீட்டர். அதைப் பிடித்திருக்கும் திருகாணிகளுக்கு நடுவே 3 சென்டிமீட்டர். சக்கரம் ஒரு புல்கட்டையில் இடித்து 5 கிலோ விசை பின்னால் தள்ளினால், திருகாணியைப் பிடுங்கும் விசை ஏறத்தாழ 25 கிலோ. இரும்பு தாங்கும். பால்சா மரம் தாங்குமா? அது வெள்ளரிக்காய் மாதிரி மெத்தென்ற மரம்.

சென்னையில் தாங்கியதே என்று கேட்பாய். சென்னை கடல் மட்டம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி அங்கிருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். மெல்லிய காற்றில் அதே எடையைத் தாங்க விமானம் கூடுதல் வேகத்தில் போக வேண்டும். கணக்குப் போட்டால் இறங்கும் வேகம் 10, 11 சதவீதம் கூடும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால் அது ஏறத்தாழ கால் பங்கு கூடிவிடும். பழனி அடிவாரத்தில் காய்ந்த குளத்துத் தரையில் இறக்குவதும், மலைமேல் மேடு பள்ளமான புல்லில் இறக்குவதும் ஒன்றல்ல.

ஆகவே செலவை ரிட்ராக்டில் போடாமல், அது உட்காரும் இடத்தில் உழைப்பைப் போடுங்கள். ஆசாரிப் பட்டறையில் கழிவாகக் கிடக்கும் கெட்டி மரத்துண்டு இரண்டு போதும். தேக்கு வேண்டாம், அதில் எண்ணெய் இருப்பதால் பசை சரியாகப் பிடிக்காது. துண்டுகள் இறக்கையின் விலா எலும்புகளில் குறைந்தது இரண்டையாவது, முடிந்தால் மூன்றைக் கடந்து போகட்டும். அந்த விலாக்களின் பக்கத்தில் பிளைவுட் ஒட்டி, முதுகெலும்பு மாதிரி ஓடும் முக்கியச் சட்டத்தோடு சேர்த்துப் பிணைத்துவிடுங்கள். காலை முழுக் கட்டையாக விடாமல், பியானோ வயரில் ஒரு சுருள் போட்ட காலாக வையுங்கள். பாதி அதிர்ச்சியைச் சுருளே விழுங்கும். திருகாணிக்கு நைலான் போல்ட் போடுவது என் கட்சி. வீட்டில் பியூஸ் கம்பி எதற்கு வைக்கிறோம்? கடைசியில் ஏதாவது உடைந்தே ஆக வேண்டும் என்றால் மலிவானது உடையட்டும்.

பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்கூட்டரின் நடு ஸ்டாண்டைப் பாருங்கள். ஒரு புள்ளியைத் தாண்டும் வரைதான் நாம் அழுத்த வேண்டும். தாண்டிய பிறகு வண்டியின் எடையே ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்கிறது. நல்ல ரிட்ராக்டும் அப்படித்தான்: கால் நிமிர்ந்தபின் அதன் வடிவமே பூட்டு. சர்வோ மோட்டார் தம் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்றால் இணைப்புக் கம்பியின் அளவு தப்பு. அந்த மோட்டார் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும்; ரிசீவருக்கும் அதே பேட்டரி என்றால் சக்கரம் போவதற்குப் பதில் விமானமே போய்விடும். தரையில் வைத்து ஐம்பது தடவை மடக்கி விரித்து, மோட்டாரின் முனகல் நிற்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

"சக்கரத்தை மடக்காமல் பறந்தால் குடி முழுகிவிடுமா?" என்று என் தங்கை கேட்டாள். முழுகாது. நம் நாட்டிலேயே வடிவமைத்து 1951-இல் பறந்த ஹெச்.டி.-2 பயிற்சி விமானத்துக்கு மடங்காத சக்கரம்தான். ஆனால் புல் முழங்கால் உயரம் வளர்ந்த இடத்தில் அவசரமாக இறக்க வேண்டி வந்தால், கால் நீட்டிய விமானம் குப்புறக் கவிழும். காலை மடக்கி வயிற்றால் வழுக்கினால் பிழைக்கும். நம் மலையில் ரிட்ராக்டின் நிஜமான பயன் அதுதான். அழகு அப்புறம்.

அடுத்த விமானம் ஹரிக்கேனாக இருக்கட்டும் என்பேன். எல்லோரும் ஸ்பிட்ஃபயரின் மேல்தான் ஆசைப்படுகிறார்கள். அதன் இரு சக்கரங்களுக்கு நடுவே நிஜ விமானத்திலேயே ஆறடி இல்லை, ஹரிக்கேனுக்கு ஏழரை அடி. எட்டில் ஒரு பங்கு மாதிரியில் 22 சென்டிமீட்டருக்கும் 29-க்கும் உள்ள வித்தியாசம். கரடான தரையில் அந்த ஏழு சென்டிமீட்டர் பெரிய தைரியம். இறக்கையும் தடிமன், உள்ளே கட்டை வைக்க இடம் கிடைக்கும். அதோடு அது நம்மவர்கள் ஓட்டிய விமானம்: 1944-இல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் முதலாம் ஸ்குவாட்ரன் பறந்தது ஹரிக்கேனில்தான். பையனுக்கு அதையும் சொல்.

டிரோன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெட்டியைப் பிரித்தால் பறக்கும் பொருளில் கைக்கு வேலை இல்லை, அவ்வளவுதான். எங்கள் ஆசிரியர் பயிற்சியில் கைத்தொழிலும் ஒரு பாடம். இன்று பள்ளியில் அந்தப் பீரியடை வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். இந்தப் பையன் தன் கையால் விலா எலும்பு அறுத்து இறக்கை கட்டியவன். அவனுக்கு இப்போது தேவை புதுப் பொருள் அல்ல. ஏன் உடைந்தது என்ற விளக்கமும், ஒரு ரம்பமும், அப்பாவின் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும்.

மலைக்கு வருபவர்கள் ஒன்று கவனிக்கவும். சுற்றிலும் சரணாலயக் காடு. காட்டுமாடு மேயும் பக்கம் பறக்கவிடாதீர்கள். கிளம்பும் முன் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் எந்த மண்டலம் என்று பாருங்கள். நம் கண் பார்வைக்குள் பறக்கும் மாதிரி விமானமும் 2021 டிரோன் விதிகளுக்குள் வருகிறது.

கட்டை வைக்கும் அளவுகளைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். வேண்டுவோர் தனியாகக் கேளுங்கள், படம் எடுத்து அனுப்புகிறேன்.