மகஜர் யாருக்கு?

நாரணாபுரத்தில் பட்டாசு ஆலை வாசலில் ஒரு கூட்டம் போடக் கேட்கிறோம். "பொது அமைதிக்குப் பங்கம்" என்று அனுமதி மறுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே என்ன செய்வோம்? மகஜர் எழுதுவோம். கலெக்டருக்கு ஒன்று, மந்திரிக்கு ஒன்று, பத்திரிகைகளுக்கு ஒன்று. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்! எல்லோருக்கும் எழுதியது ஒருவருக்கும் எழுதாததற்குச் சமம்.

பேச்சுரிமையின் எல்லை எது என்று வாதாடும் கடிதம் யாருக்குப் போக வேண்டும்? இதை முதலில் தீர்மானிப்போம், தோழர்களே!

முதலாளிக்கா? நாம் வாய் திறந்தால் அவருக்கு நஷ்டம். காகிதத்தைக் கண்டு அவர் மனம் மாறாது. சங்கத் தோழர்களுக்கா? அவர்கள் ஏற்கெனவே நம் பக்கம். நீதிபதிகளுக்கா? சரித்திரத்தைப் பாருங்கள்.

பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' வாரப் பத்திரிகை சென்னை ராஜ்யத்துக்குள் நுழையக் கூடாதென 1950 மார்ச்சில் சர்க்கார் தடை போட்டது. ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். மே 26-ல் தடை செல்லாது என்று தீர்ப்பு. வெற்றிதான்! ஆனால் 1951 ஜூனில் அரசியல் சட்டமே திருத்தப்பட்டது. பேச்சைக் கட்டுப்படுத்த 'பொது ஒழுங்கு' என்ற காரணம் 19-வது ஷரத்தில் ஏறியது. இன்றும் அங்கேயே இருக்கிறது. கோர்ட்டில் ஜெயித்த வாதம் ஜனங்களிடம் போய்ச் சேருமுன்பே சட்டம் மாறிவிட்டது!

ஆகவே, கடிதம் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போக வேண்டும் என்கிறோம். ஒரே பஸ்ஸில் வேலைக்கு வருகிறவர் அவர். "கூட்டம் போட்டால் கலாட்டா வரும், ஆலையை மூடினால் அடுப்பு எரியாது" என்று அஞ்சுகிறவர். அவர் நமக்கு எதிரி அல்ல. ஆனால் தடை உத்தரவு அவருடைய அச்சத்தின் மேல்தான் நிற்கிறது.

அவரிடம் எல்லையே கூடாது என்று எழுத வேண்டாம். நாமே அப்படி நினைக்கவில்லை. சாதிச் சண்டைக்குக் கும்பலைத் தூண்டுகிற பேச்சைத் தடுக்கத்தான் வேண்டும். 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தின் வழக்கில் 1989-ல் சுப்ரீம் கோர்ட் ஓர் அளவுகோல் தந்தது. ஆபத்து மருந்துப் பீப்பாயில் விழும் பொறியைப் போல உடனடியானதாக இருக்க வேண்டும்; என்றோ வரலாம் என்ற ஊகம் போதாது என்றது.

பொறி எது என்று நம் ஊர்த் தொழிலாளிக்கு யார் சொல்லித்தர வேண்டும்? மருந்து செலுத்தும் அறை வேறு, வெற்றுக் குழாய் சுற்றும் இடம் வேறு என்பது அவருக்குத் தெரியும். கூலி உயர்வும் பாதுகாப்பும் கேட்கிற பேச்சு எந்த மருந்தில் விழுகிற பொறி? 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மேடைப் பேச்சா அவர்களைக் கொன்றது? ஆபத்தை முன்கூட்டிச் சொல்ல முடியாத வாய்தான் ஆலைக்கு ஆபத்து!

இதை எழுதுங்கள், டீக்கடையில் உரக்கப் படியுங்கள். அவர் கேள்வி கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். அவர் கையெழுத்து விழுந்த பிறகு அடுத்த மகஜர் கலெக்டரிடம் போகட்டும். அப்போது அதன் கனமே வேறு!